பிடித்தம் போக மீதி

அரசுத் திட்டக் கணக்குகளை மக்கள் முன்னிலையில் சரிபார்க்கும் சமூகத் தணிக்கைக்காகக் கிராம ஊராட்சிகளுக்குச் சென்று வந்த ஆண்டுகளில், பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டப் பயனாளிகள் என்னிடம் அடிக்கடி கேட்டது, “எனக்கு மொத்தம் எவ்வளவு வந்திருக்கிறது?” என்பதுதான்.

2016-இல் தொடங்கிய அத்திட்டத்தில் சமவெளிப் பகுதி வீடு ஒன்றுக்கு 1,20,000 ரூபாய் என்றும், அதில் 60 விழுக்காடு ஒன்றிய அரசுக்கும் 40 விழுக்காடு மாநில அரசுக்கும் உரிய பங்கு என்றும் வகுத்திருந்தார்கள். கான்கிரீட் கூரைக்கெனத் தமிழ்நாடு அரசு கூடுதல் தொகை தந்தது. நூறு நாள் வேலைத் திட்டத்தின் வழியே 90 நாள் கூலியும் கிடைத்தது. பயனாளியின் பெயர், தவணைகள், கட்டுமானப் படங்கள் எல்லாம் இணையதளத்தில் இருந்தன. ஆனால் சிமெண்டையும் கம்பியையும் ஊராட்சி ஒன்றிய அலுவலகமே வழங்கி, அவற்றின் விலையைத் தவணையில் பிடித்துக்கொண்டதால், வங்கிப் புத்தகத்தில் ஏறியது மீதித் தொகை மட்டுமே.

ஓர் ஊரில், கூரை போட்டும் பூச்சு வேலை முடியாமல் நின்ற வீட்டில் தனியாக வாழ்ந்த அம்மா ஒருவர், தன் பணத்தை யாரோ எடுத்துவிட்டதாகவே நம்பியிருந்தார். கோப்பை எடுத்துவந்து அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, ஒவ்வொரு பிடித்தத்தையும் வாசித்துக் காட்டினேன். தொகை சரியாகவே வந்தது. அதைச் சொன்னதும் என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அவரோ சிமெண்ட் மூட்டைக் கணக்கைத் திரும்பப் படிக்கச் சொன்னார். தன் வாசலில் இறங்கிய மூட்டைகளை அவர் எண்ணி வைத்திருந்தார். பதிவேட்டில் இருந்த எண்ணிக்கை அதைவிட அதிகம். கைரேகை வைத்த நாளில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது என்றார்.

சிறப்புக் கிராம சபையில் அவருடைய கணக்கை உரக்க வாசித்தபோது, மேலும் சிலர் எழுந்து தாங்கள் பெற்ற மூட்டைகளின் எண்ணிக்கையைச் சொன்னார்கள். அவை ஒவ்வொன்றும் ஆட்சேபணையாகப் பதிவாயின. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, மானியத் திட்டங்களின் தொகையையும் பயனாளிகளின் விவரத்தையும் யாரும் கேட்காமலே வெளியிடச் சொல்கிறது; அந்த அம்மாவுக்கோ 2005-ஆம் ஆண்டுச் சட்டம் எட்டியது அன்றைக்குத்தான்.

வீட்டு முகப்பில் திட்டத்தின் பெயரையும் ஆண்டையும் மதிப்பீட்டையும் எழுதும் வழக்கம் உண்டு. அதற்குக் கீழேயே, வழங்கிய மூட்டைகளின் எண்ணிக்கையும் பிடித்த தொகையும் அதே பெயின்ட்டில் எழுதப்பட வேண்டும் என்று எங்கள் அறிக்கையில் சேர்த்தேன்.