கடைமடைக்காரனின் உலகப் பயணம்

ஊர் சுற்றும் பைத்தியம் பலவகை. சிலருக்கு மலை, சிலருக்குக் கோட்டை, சிலருக்குச் சாப்பாடு. எனக்குக் கழிமுகம். உலக வரைபடத்தை விரித்தால் ஆறு கடலில் சேரும் இடத்தில்தான் என் விரல் போய் நிற்கும். பூம்புகார்ப் பக்கத்துக் கடைமடை ஊரில் பிறந்தவனுக்கு வேறென்ன வாய்க்கும்? ஜூன் 12 ஆம் தேதி மேட்டூரைத் திறந்தார்களா, தண்ணீர் கல்லணையைத் தாண்டியதா என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தேன். மேலையூர் கடைமுக அணைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்ததும் ஊரார் நெல்லும் பூவும் தூவிக் கும்பிடுவார்கள்.

முதலில் போனது வியட்நாமின் மேகாங் கழிமுகத்துக்கு. கான் தோ நகருக்குப் பக்கத்தில் காய் ராங் மிதவைச் சந்தை. விடியுமுன் படகு ஏறிவிட வேண்டும். வெயில் ஏறினால் சந்தை கலைந்துவிடும். படகுதோறும் ஒரு நீண்ட மூங்கில் கழி. உள்ளே என்ன சரக்கோ அதைக் கழியின் நுனியில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள்: அன்னாசி, பூசணி, சர்க்கரைவள்ளி. துணி தொங்கினால் அது விற்பதற்கல்ல, காயப்போட்டது. ஓலை தொங்கினால் படகே விற்பனைக்கு! விலைப்பட்டியலும் விளம்பரப் பலகையும் இல்லாமல் இத்தனை தெளிவாக வியாபாரம் நடந்து நான் பார்த்ததில்லை.

அங்கே உட்பகுதியில் ஆண்டுக்கு மூன்று போகம். கடலோர மாகாணங்களில் கதை வேறு. கோடையில் உப்புநீர் வாய்க்கால்வரை ஏறிவிடுகிறது. 2020 இல் மிக மோசம். அதனால் ஒரு பருவம் நெல், ஒரு பருவம் இறால் என்று பல இடங்களில் மாற்றிக்கொண்டுவிட்டார்கள். நாகப்பட்டினத்துக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் ஊருக்கு வந்து சொன்னால் சித்தப்பா சிரிக்கிறார். "ஏன்டா, இவ்வளவு காசைக் கொட்டி விமானம் ஏறிப் போய் நெல்வயலையா பார்த்துவிட்டு வந்தாய்? அது நம் கொல்லைக்குப் பின்னாலேயே இருக்கிறதே!"

இருக்கிறதுதான். ஸ்பெயினில் எப்ரோ ஆற்றின் கழிமுகத்துக்குப் போனபோது அதனால்தான் குஷி தாங்கவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வயல், வரப்பு, மதகு. நாற்றங்கால் கிடையாது, நடவு கிடையாது. தண்ணீரைத் தேக்கி நேரே விதைக்கிறார்கள். கோடியக்கரையில் நாம் பார்க்கும் பூநாரை அங்கேயும் ஒற்றைக்காலில் நிற்கிறது. ஒரு முதியவர் நீண்ட பிடி போட்ட மண்வெட்டியால் மடையை அடைத்துக்கொண்டிருந்தார். சேற்றுக்கட்டியை வைத்து, குதிகாலால் இரண்டு மிதி. ஓரத்தில் கசிந்தது. இன்னொரு கட்டி, இன்னொரு மிதி. மண்வெட்டியைக் கேட்டு வாங்கி நானும் ஒரு மடை அடைத்தேன். மனிதர் குனிந்து பார்த்து, தலையாட்டிவிட்டு, மறுபடி ஒரு மிதி மிதித்தார். எங்கள் ஊரிலும் பெரியவர்கள் அப்படித்தான். அடுத்தவன் அடைத்த மடையை நம்பவே மாட்டார்கள்.

எகிப்தின் ரஷீத் மட்டும் மனத்தைக் கொஞ்சம் பிசைந்தது. நைல் கடலில் சேரும் முனை அது. 1970 இல் அஸ்வான் அணை கட்டி முடிந்தபின் வண்டல் வருவது நின்றுபோயிற்று. கரையைக் கடல் தின்கிறது, தடுப்புச்சுவர் போட்டிருக்கிறார்கள். 1934 முதல் மேட்டூரில் தேங்கும் வண்டலை நினைத்துக்கொண்டேன். பூம்புகாரில் காவிரி கடலில் சேரும் இடத்தைப் பார்க்கும் வெளியூர்க்காரர்கள் "இவ்வளவுதானா?" என்று கேட்பார்கள். வெள்ளத்தையெல்லாம் கொள்ளிடம் வாங்கிக்கொள்கிறது, மிச்சத்தை வயல்கள் குடித்துவிடுகின்றன, அப்புறம் என்ன இருக்கும் என்று இப்போது வாதாடுகிறேன். மேகாங்கைப் பார்க்கும்வரை எனக்கும் அந்தக் கேள்வி தோன்றியதில்லை என்பது வேறு விஷயம்.

அடுத்தது ருமேனியாவின் சுலினா. டான்யூப் ஆற்றின் கிலோமீட்டர்க் கணக்கு அங்கே, கடல்முகத்தில், பூஜ்யத்தில் தொடங்கி மேல்நோக்கிப் போகிறது. கடைமடையிலிருந்து ஆற்றை அளக்கிறார்கள்! மயிலாடுதுறையிலிருந்து பூம்புகாருக்குப் பஸ் உண்டு. சுலினாவுக்குச் சாலையே இல்லை, துல்சியாவில் படகு பிடிக்க வேண்டும். டிக்கெட்டுக்குக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.