குங்குமச் சிமிழ் செய்முறைத் தேர்வு: ஒருமுறை தோற்று மறுமுறை தேறியவனின் குறிப்புகள்

மரக்கடைசல் பயிற்சியின் இறுதியில் வரும் செய்முறைத் தேர்வில் மாணவர்கள் அஞ்சுவது பம்பரத்துக்கோ கிலுகிலுப்பைக்கோ அல்ல, மூடி போட்ட சின்னஞ்சிறு சிமிழுக்குத்தான். பம்பரம் அரை மில்லிமீட்டர் பருத்துப் போனாலும் சுற்றும். சிமிழின் கழுத்து அந்த அளவு மெலிந்தால் மூடி நிற்காது, பருத்தால் ஏறாது. சென்னபட்டணாவில் கடைசல் கற்ற நான் முதல் முறை இந்தச் சிமிழில்தான் தோற்றேன். பெங்களூருவிலிருந்து மைசூரு செல்லும் சாலையில் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அந்த ஊரில், அரக்கு பூசிய மரச்சாமான்கள் செய்யும் பட்டறைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அங்கும், ஆந்திரத்தில் வராக ஆற்றங்கரையிலுள்ள ஏடிகொப்பாக்காவிலும் கடைவது ஒரே மரம்: நாம் வெட்பாலை என்று சொல்வதைக் கன்னடத்தில் ஹாலே என்றும் தெலுங்கில் அங்குடு என்றும் அழைக்கிறார்கள். தந்தம் போல வெளுத்து, நெருங்கிய நாரோடு, உளிக்கு இணங்கி வரும் மரம் அது.

எனக்குத் தரப்பட்ட அளவு 45 மில்லிமீட்டர் விட்டம், மூடியோடு 60 மில்லிமீட்டர் உயரம். ஐந்து மணி நேரத்தில் இரண்டு சிமிழ்கள். தேர்வாளர் செய்யும் சோதனை மிக எளியது. மூடியை மட்டும் இரு விரலால் பிடித்துச் சிமிழைத் தூக்குவார். அடிப்பாகம் கூடவே எழ வேண்டும். பிறகு மணிக்கட்டை மெல்ல ஒருமுறை அசைப்பார். அப்போது அது மூடியை விட்டு அவருடைய மற்றொரு உள்ளங்கையில் விழ வேண்டும். என்னுடைய இரண்டும் மாலையில் ஒப்படைத்தபோது சரியாகத்தான் இருந்தன. மறுநாள் காலை மதிப்பீட்டின்போது ஒன்றின் மூடி திறக்கவே இல்லை, மற்றொன்றின் மூடி பிடிப்பில்லாமல் கழன்று உருண்டது. அடைமழைக் காலத்தில் எங்களுக்குக் கொடுத்த கட்டைகள் சரியாக உலராதவை என்று அன்று நான் புலம்பியது உண்மையே. ஆனால் அதே குவியலிலிருந்து உலர்ந்த கட்டையைப் பொறுக்கி எடுத்தவர்கள் தேறினார்கள் என்பதும் உண்மை.

ஆகவே தேர்வு தொடங்குவது உளியைத் தொடும்போது அல்ல, கட்டையைத் தேர்ந்தெடுக்கும்போது. ஒரே அளவுள்ள நான்கைந்து கட்டைகளைக் கையில் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்துக் கனம் குறைந்ததை எடுங்கள். வெட்டுமுகத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் உலர்ந்தது கணீரென்றும் ஈரமானது மொத்தென்றும் ஒலிக்கும். வெட்டுமுகத்தில் நட்சத்திரம் போல வெடிப்பு ஓடியிருந்தால், கட்டை எவ்வளவு உலர்ந்திருந்தாலும் அதைத் தொட வேண்டாம்.

இதற்கெல்லாம் காரணம், மரம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி சுருங்குவதில்லை. நாரின் நீளவாக்கில் சுருக்கம் இல்லை என்றே சொல்லலாம். ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படுவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் சிமிழுக்கு நார் எப்போதும் கடைசல் அச்சுக்கு இணையாக, மேலிருந்து கீழாக ஓட வேண்டும். அப்படி ஓடினாலும் ஈரக்கட்டையில் வட்டமாகக் கடைந்த வாய் ஓரிரவில் நீள்வட்டமாகிவிடும். நேரம் கிடைக்கும் பயிற்சிக் காலத்தில், சுவரைத் தடிமனாக விட்டு முரட்டுக் கடைசல் மட்டும் பிடித்து, கட்டையைச் சில வாரங்கள் நிழலில் ஆறவிட்டுப் பிறகு முடிப்பதே முறை. தேர்வில் அதற்கு வழியில்லை.

இனி வேலையின் வரிசை. எங்கள் பட்டறையின் லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில், கட்டையைக் கவ்விப் பிடிக்கும் நான்கு தாடைச் சக் கிடையாது. கட்டையின் ஒரு முனையைச் சற்றுச் செதுக்கிக் கூம்பாக்கி, கிண்ணம் போன்ற இரும்புச் சக்கினுள் சுத்தியலால் அடித்து இறுக்குவதே வழக்கம். ஒருமுறை வெளியே எடுத்தால் அதே மையத்தில் மறுபடி நிற்காது என்பதால், சிமிழ் முழுவதையும் ஒரே பிடிப்பில் முடித்தாக வேண்டும். 55 மில்லிமீட்டர் சதுரமும் 120 மில்லிமீட்டர் நீளமும் உள்ள கட்டையில் 35 மில்லிமீட்டர் சக்குக்குள் போய்விடும், மிச்சம் போதுமானது.

பலர் அடிப்பாகத்தை முதலில் கடைந்துவிட்டு மூடிக்கு அளவு தேடுகிறார்கள். இது தலைகீழ். வெளிப்புறத்தை ஒரு மயிரிழை குறைப்பது எளிது, உட்புறத்தை அந்த அளவுக்குக் கூட்டுவது கடினம். ஆகவே வெளிமுனையில் மூடியின் உட்புறத்தை முதலில் குடைந்து, அதன் வாய்ச்சுவரை 7 மில்லிமீட்டர் ஆழம் வரை சரிவே இல்லாமல் நேராக்கி, மேற்பகுதியைத் தடிமனாக விட்டு, மூடியை வெட்டிப் பிரித்து வைத்துவிட வேண்டும். சுவர் நேராக இருக்கிறதா என்பதைக் கண்ணால் அறிய முடியாது. விளிம்பிலும் 5 மில்லிமீட்டர் உள்ளேயும், விட்டம் அளக்கும் காலிப்பர் ஒரே அளவைக் காட்ட வேண்டும். உள்ளே அகன்ற வாயை எந்தக் கழுத்தாலும் காப்பாற்ற முடியாது.

அடுத்தது கழுத்து. ஐந்து மணி நேரத்தில் முக்கால் மணி நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள் என்பேன். காலிப்பரில் பார்த்த அளவை விட ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக, 6 மில்லிமீட்டர் நீளத்துக்குக் கழுத்தை வெட்டி, அதன் முனையை மட்டும் மிக லேசாகச் சரியுங்கள். லேத்தை நிறுத்தி, மூடியை முனையில் வைத்துக் கையால் ஒரு திருகு திருகி எடுத்தால், மரத்தில் மெருகேறியது போல ஒரு பளபளப்பான வளையம் தெரியும். மூடி வாயின் உண்மையான அளவு அந்த வளையம்தான். அதை அழிக்காமல், அதற்குப் பின்னால் உள்ள மரத்தை மட்டும் அந்த உயரத்துக்கு இறக்கிக்கொண்டு போங்கள். இரண்டு மூன்று முறை திருகிப் பார்ப்பதற்குள் மூடி இறுக்கமாக ஏறி உட்கார்ந்துவிடும். எனக்குக் கற்றுக்கொடுத்த உஸ்தாத் காலிப்பரைத் தொட்டதே இல்லை. வளையத்தின் மினுமினுப்பை மட்டும் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு சுருள் எடுங்க தம்பி" என்பார். ஒரே ஒரு சுருள் எடுத்ததும் மூடி ஏறும்.

இறுக்கமாக ஏறிய மூடியோடு சேர்த்து வெளிவடிவத்தை ஒரே உடலாகக் கடையுங்கள். மூடியும் உடலும் சேரும் கோட்டில் உளி நுனியால் நுண்ணிய பள்ளம் ஒன்று இழுத்துவிடுங்கள். பின்னாளில் மரம் சற்று அசைந்து விளிம்புகள் விலகினாலும் கண்ணுக்குத் தெரியாது. உப்புத்தாளை ஒரே இடத்தில் அழுத்தினால் சூடேறி வெட்டுமுகத்தில் நுண்வெடிப்பு விழும். பிறகு சுழலும் சிமிழில் அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வின் சூட்டில் அது இளகிப் பரவும்; தாழை ஓலையால் அழுத்தித் தேய்த்தால் மெருகு வரும். சேரும் கோட்டில் அரக்கு பாலம் போட்டிருந்தால் மூடியும் உடலும் ஒட்டிக்கொள்ளும். ஆறுவதற்கு முன் அந்தப் பள்ளத்தை உளி நுனியால் மறுபடி திறந்துவிட வேண்டும்.

நன்றாக ஆறிய பின்னரே மூடியைக் கழற்றி உட்குடைவைத் தொடங்குங்கள். அடியில் 5 மில்லிமீட்டர் மிஞ்சும்படி துளைக்கும் அலகில் ஒட்டுத்தாளால் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்; அடையாளம் வைக்காமல் குடைந்து, வெட்டிப் பிரிக்கும்போது அடியே பெயர்ந்து வளையமாக வந்த சிமிழ்கள் என்னிடம் இரண்டு உண்டு. குழி உளியை நடுவிலிருந்து விளிம்பை நோக்கி இழுத்தால் வெட்டுமுகம் வழுவழுப்பாக வரும். எதிர்த்திசையில் நார் பிய்ந்து எழும்.

உள்ளே குடைந்ததும் கழுத்து சற்று வடிவம் மாறும். ஆகவே மூடியின் இறுதிப் பிடிப்பை இந்தக் கட்டத்தில்தான் சரிசெய்ய வேண்டும், அதுவும் மரம் குளிர்ந்த நிலையில். என் முதல் தேர்வின் இரண்டாவது தவறு இதுதான்: நேரமில்லை என்று குடைவதற்கு முன்பே, அரக்கின் சூடு ஆறாத கழுத்தைத் தளர்த்திவிட்டேன். 400 எண் உப்புத்தாளால் ஒரு தொடல், மூடி போட்டுப் பார்த்தல், மறுபடி ஒரு தொடல் என்று பொறுமையாகச் செல்லுங்கள்.

வாய்மொழிக் கேள்விகள் பெரும்பாலும் அரக்கைப் பற்றியவை. அது புரசு, இலந்தை போன்ற மரங்களில் வாழும் பூச்சி சுரக்கும் பிசின் என்பதும், சூட்டில் இளகும், சாராயத்தில் கரையும் என்பதும் தெரிந்திருந்தால் போதும். சூடான தேநீர்க் குவளைக்கு அரக்கு ஏன் ஆகாது என்று என்னிடம் கேட்டார்கள்.

இரண்டாம் முறை நான் செய்த இரண்டு சிமிழ்களில் ஒன்று மட்டும் முதல் அசைவிலேயே தேர்வாளரின் உள்ளங்கையில் விழுந்தது. மற்றொன்றுக்கு இரண்டு அசைவு தேவைப்பட்டது. அவர் அதன் மூடியைக் கால் வட்டம் திருப்பி மறுபடி போட்டுப் பார்த்தார், உடனே விழுந்தது. மூடிக்கும் உடலுக்கும் எந்த நிலையில் பொருத்தம் சரியாக இருக்கிறது என்பதை உட்புறத்தில் பென்சிலால் சிறு கோடிட்டு, அந்த நிலையிலேயே மூடி ஒப்படையுங்கள். நான் கோடிட மறந்திருந்தேன்.