வழக்கமான இடத்தில் உடைந்த கை

2019 பிப்ரவரியில், ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் பனி இறுகிக் கண்ணாடியாகிக் கிடந்த நடைபாதையில் சறுக்கி, வலக் கையை ஊன்றி விழுந்தேன். வீங்கிய கையைத் தாங்கிக்கொண்டு, முறிவுக்கும் அடிபட்டவர்களுக்கும் என்றே இயங்கும் மருத்துவ நிலையம் ஒன்றைத் தேடிப் போனேன்.

எங்கே வலிக்கிறது என்று மருத்துவர் கேட்டதும், "ருக்கா" என்று சற்றுப் பெருமையோடுதான் சொன்னேன். தமிழில் கை என்பதைப் போலவே ரஷ்ய மொழியிலும் தோளில் தொடங்கி விரல் நுனி வரை எல்லாமே ருக்காதான். மணிக்கட்டுக்கு மேலே ஒரு சொல், கீழே ஒரு சொல் என்று ஆங்கிலத்தில் பட்ட பாடு இங்கே இல்லாததால், மூன்று மாத வகுப்பில் நான் ஐயமறக் கற்ற சொல் அது ஒன்றே.

மருத்துவருக்கு அது போதவில்லை. "கீஸ்த்?" என்றார். கீஸ்த் என்றால் வண்ணம் தீட்டும் தூரிகை என்று படித்திருந்த நான், ஓவியம் வரையும் பழக்கம் இல்லை, மென்பொருள் வேலை பார்க்கிறேன் என்று பணிவாக விளக்கினேன். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, தலையிலும் அடிபட்டதா என்று கேட்டார். மணிக்கட்டுக்குக் கீழே உள்ள பகுதியை மருத்துவர்கள் கீஸ்த் என்பார்கள் என்பதும், திராட்சைக் குலைக்கும் அதே சொல்தான் என்பதும் பிற்பாடு தெரிந்தவை.

செவிலியர் "ருக்காஃப்" என்று சொல்லிக் கத்தரிக்கோலை எடுத்தபோது மட்டும் உடனே புரிந்துவிட்டது; சட்டைக் கைக்கு நாமும் கையைத்தானே சொல்கிறோம்! அடுத்து அவர் "ரூச்க்கா இருக்கிறதா?" என்று கேட்டார். அது பேனா என்பது முதல் பாடத்திலேயே வந்ததுதான். ஆனாலும் 'சின்னக் கை' என்ற நேர்ப்பொருளே வலியில் நினைவுக்கு வர, வீங்கிய கையை நீட்டினேன். கையெழுத்துக்குப் பேனா கேட்டவர் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்.

ஊடுகதிர்ப் படம் பார்த்து மருத்துவர் எழுதித் தந்தது: "வழக்கமான இடத்தில் ஆரை எலும்பு முறிவு." ஆரை என்பது முன்கையில் கட்டைவிரல் பக்கத்து எலும்பு. கையை ஊன்றி விழுகிறவர்களுக்கெல்லாம் மணிக்கட்டை ஒட்டிய அதே இடத்தில்தான் உடையுமாம், அதனால் ரஷ்ய மருத்துவத்தில் அந்த இடத்துக்கே அப்படிப் பெயர். உடைந்த கையிலும் தனித்தன்மை இல்லாமல் போயிற்றே என்று எனக்குச் சிறு வருத்தம்.

மாவுக்கட்டோடு காணொளிக் கூட்டத்தில் தோன்றியதும் வேலை நின்றது. செக் நாட்டுப் பிராகாவில் இருந்தவர் தங்களுக்கும் ருக்காதான் என்றார். பல்கேரியாவின் சோஃபியாக்காரர் ரக்கா என்றார். ஸ்லோவேனியாவின் லூப்லியானாவில் இருந்தவர் ரோக்கா என்றார். இந்த ஸ்லாவிய மொழிகளுக்கெல்லாம் பொதுவான மூலச் சொல்லில் இருந்த மூக்கொலியை மற்றவர்கள் தொலைத்துவிட, தாங்கள்தான் ரெங்க்கா என்று காப்பாற்றி வைத்திருப்பதாகப் போலந்தின் வார்சாக்காரர் மார்தட்டினார். லிதுவேனியர்களின் ராங்க்காவிலும் அது இருக்கிறதே என்று ஒருவர் இடைமறிக்க, அது ஸ்லாவிய மொழியே அல்ல, பக்கத்து வீட்டு உறவு என்று தள்ளிவிட்டார். நான் இடக் கையால் தட்டச்சு செய்யும் அழகைப் பார்த்து, "உனக்கு இரண்டும் இடக் கை" என்றும் சொன்னார். கைப்பாங்கு இல்லாதவர்களைப் போலிஷ் மொழியில் அப்படிச் சொல்வார்களாம். வலிக்கிறதா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சோத்துக் கையா, பீச்சாங்கையா?"

காப்பீட்டு நிறுவனத்தின் ஆங்கிலப் படிவத்தில்தான் மறுபடி சிக்கினேன். மணிக்கட்டுக்கு மேலா, கீழா என்று இரண்டு கட்டங்கள். மருத்துவச் சான்றை மொழிபெயர்த்தவரோ ருக்காவை மணிக்கட்டுக்குக் கீழே கொண்டுபோய் வைத்திருந்தார்; மாவுக்கட்டோ முழங்கை வரை இருந்தது. வம்பு எதற்கு என்று இரண்டையும் குறித்து அனுப்பினேன். இரண்டு உறுப்புகளும் ஒரே விபத்தில்தான் சேதமடைந்தனவா என்று விளக்கம் கேட்டுப் பத்து நாளில் கடிதம் வந்தது.