காம்பினேஷன் ஸ்கின்னுக்கு தினமும் போட ஒரு ஃபவுண்டேஷன்: நான் தேடிக் கண்டுபிடித்த வழி

நெற்றி, மூக்கு, தாடை மூன்றும் மதியத்துக்குள் பளபளக்கும், அதே முகத்தில் கன்னம் மட்டும் வறண்டு இழுக்கும். காம்பினேஷன் ஸ்கின் உள்ளவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். எண்ணெய் சுரப்பிகள் முகத்தின் நடுப்பகுதியில்தான் நெருக்கமாக இருக்கின்றன, அதனால் டி-ஸோன், அதாவது நெற்றி, மூக்கு, தாடைப் பகுதி, ஒரு மாதிரியும் ஓரங்கள் வேறு மாதிரியும் நடந்துகொள்வது இயல்பு. ஆனால் ஃபவுண்டேஷன் பாட்டில்களில் 'எண்ணெய்ச் சருமத்துக்கு', 'வறண்ட சருமத்துக்கு' என்றுதான் பெரும்பாலும் எழுதியிருக்கிறது. இரண்டும் ஒரே முகத்தில் இருந்தால் எதை எடுப்பது?

பளபளப்பே இல்லாத முழு மேட் வகையை எடுத்தால் மூக்கு நன்றாக இருக்கும், கன்னத்தில் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டு தோல் உரிவது போலத் தெரியும். பளபளப்பு தரும் ட்யூவி வகையை எடுத்தால் கன்னம் உயிரோட்டமாக இருக்கும், மூக்கின் ஓரங்களில் சில மணி நேரத்தில் கரைந்து பிரிந்துவிடும். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்த பிறகு எனக்குக் கிடைத்த தெளிவு இதுதான்: ஃபவுண்டேஷனைக் கன்னத்துக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும், எண்ணெயை வேறு வழியில் கையாள வேண்டும். ஏனென்றால் எண்ணெயை ஒரு டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிடலாம், வறட்சியில் ஒட்டிய திட்டுகளை நடுப்பகலில் ஒன்றும் செய்ய முடியாது, மேலே மேலே தடவினால் இன்னும் மோசமாகும்.

அதனால் நான் தேடியது மேட்டுக்கும் ட்யூவிக்கும் நடுவிலான சாட்டின் அல்லது நேச்சுரல் ஃபினிஷ், லேசானது முதல் நடுத்தரக் கவரேஜ் (சருமத்தை மறைக்கும் அளவு) வரை, தண்ணீர் போல மெல்லியதாக ஓடும் திரவம். தினமும் போடுவதற்குக் கனமான கவரேஜ் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. மெல்லிய அடுக்கு கலைந்தாலும் வெளியே தெரியாது, கனமான அடுக்கு கலைந்தால் எல்லோருக்கும் தெரியும். தழும்போ கருமையோ உள்ள இடத்தில் மட்டும் கொஞ்சம் கன்சீலர் வைத்தால் போதும்.

ஷேட் விஷயத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். கையின் மேற்புறத்தில் தடவிப் பார்க்கக் கொடுப்பார்கள், வேண்டாம், கையின் நிறம் வேறு முகத்தின் நிறம் வேறு. தாடையோரத்தில், கழுத்தும் சேர்ந்து தெரியும்படி, அருகருகே உள்ள இரண்டு மூன்று ஷேட்களைக் கோடாக இழுத்து, வெளிச்சத்துக்கு வந்து பகலில் பாருங்கள். மறைந்து போகிற கோடுதான் உங்களுடையது. உடனே முடிவெடுக்காமல் ஓரிரண்டு மணி நேரம் அப்படியே விடுங்கள், சில ஃபவுண்டேஷன்கள் காய்ந்து, முகத்து எண்ணெயோடு கலந்ததும் ஒரு ஷேட் கருத்துப்போகும். நமக்கு இந்தத் தொல்லை டி-ஸோனில்தான் அதிகம் தெரியும், கன்னம் ஒரு நிறம் மூக்கு ஒரு நிறம் என்று ஆகிவிடும். ஆகவே சாம்பிள் கிடைத்தால் மூக்கோரத்திலும் ஒரு துளி வைத்துப் பார்ப்பது நல்லது. அண்டர்டோன், அதாவது தோலின் அடிச்சாயல், மஞ்சள் சாயலா, இளஞ்சிவப்பா, நடுவிலா என்பதும் முக்கியம். முகம் சாம்பல் பூத்தது போலத் தெரிந்தால் பெரும்பாலும் ஷேட் வெளிறியது அல்லது அண்டர்டோன் பொருந்தவில்லை என்று அர்த்தம்.

பாட்டிலில் எழுதியிருப்பதில் இரண்டை நான் அப்படியே நம்புவதில்லை. ஒன்று, துளையை அடைக்காது என்று சொல்லும் 'நான்-காமெடோஜெனிக்'. இதற்கென்று எல்லா நிறுவனங்களும் பின்பற்றும் ஒரே சோதனை கிடையாது, நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்ளலாம், உத்தரவாதம் அல்ல. இன்னொன்று எஸ்பிஎஃப், வெயிலிலிருந்து எவ்வளவு பாதுகாப்பு என்று சொல்லும் எண். அந்த எண் சோதனையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் தடவிப் பார்த்து வருவது, அவ்வளவு தடிமனாக யாரும் ஃபவுண்டேஷன் பூச மாட்டார்கள். தனியாக சன்ஸ்கிரீன் கட்டாயம்.

அப்புறம், உண்மையில் பாதி வேலை அடியில்தான் இருக்கிறது! கன்னத்தில் க்ரீம் மாய்ஸ்சரைசர், டி-ஸோனில் ஜெல் மாய்ஸ்சரைசர் மெல்லியதாக, அதன் மேல் சன்ஸ்கிரீன், பிறகு பத்து நிமிடமாவது காத்திருப்பது. இந்தக் காத்திருப்பை விட்டுவிட்டால் ஃபவுண்டேஷன் அழுக்குத் திரள்வது போலச் சுருண்டு வரும். காத்திருந்தும் சுருண்டால் சன்ஸ்கிரீனும் ஃபவுண்டேஷனும் ஒத்துப்போகவில்லை, ஒன்றை மாற்றிப் பாருங்கள். இதனால்தான் ஃபவுண்டேஷனைத் தனியாகச் சோதிக்கவே கூடாது என்கிறேன், தினமும் நீங்கள் போடும் சன்ஸ்கிரீனுக்கு மேல் போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஃபவுண்டேஷனுக்கு அடியில் போடும் ப்ரைமர் முகம் முழுக்க வேண்டாம், மூக்கிலும் அதையொட்டித் துளைகள் பெரிதாகத் தெரியும் இடத்திலும் டைமெத்திகோன் (ஒரு வகை சிலிக்கோன்) உள்ள வழுவழுப்பான ப்ரைமர் போட்டால் போதும், அதுவும் ஒரு பட்டாணி அளவுகூடத் தேவைப்படாது.

பூசும்போது கன்னத்திலிருந்து தொடங்கி, கையில் மிச்சம் இருப்பதை மட்டும் நெற்றிக்கும் மூக்குக்கும் கொண்டுபோகிறேன். எண்ணெய் வரும் இடத்தில் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நேரம் நிற்கிறது. ஈரமான ஸ்பாஞ்சால் தட்டித் தட்டி அழுத்துங்கள், தேய்க்க வேண்டாம். அந்த ஸ்பாஞ்சை அடிக்கடி கழுவி நன்றாகக் காயவிடுவதும் இதில் சேர்த்திதான், பரு வந்தால் எல்லோரும் ஃபவுண்டேஷனை மட்டுமே சந்தேகப்படுகிறோம். பவுடர் டி-ஸோனில் மட்டும், கன்னத்துப் பக்கம் அது போகவே கூடாது.

இப்படிச் செய்த பிறகு எனக்கு ஒரு சாதாரண சாட்டின் ஃபவுண்டேஷனே மாலை வரை நிற்கிறது, வீட்டுக்கு வரும்போது மூக்கில் லேசான மினுமினுப்பு இருக்கும், அது தோல் போலத்தான் தெரிகிறது. வியர்வை அதிகமான நாட்களில் மதியம் ஒருமுறை சரிசெய்ய வேண்டியிருக்கும். அப்போது நேராகப் பவுடரை எடுக்காதீர்கள், முதலில் டிஷ்யூவை வைத்து அழுத்தி எண்ணெயை எடுத்துவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் பவுடர். எண்ணெய் மேலேயே பவுடர் போட்டால் அது மாவு போலத் திரண்டு நிற்கும், பிறகு முகம் கழுவுவது தவிர வேறு வழியில்லை.