தரையிலிருந்து எழுந்திருக்கக் கற்றுக்கொண்டேன்

கட்டிலுக்கு அடியில் உருண்டுபோன ஒரு பிபி மாத்திரையில்தான் இது தொடங்கியது. அப்போது எனக்கு 62 வயது. குனிந்து பார்த்தேன், கைக்கு எட்டவில்லை. தரையில் உட்கார்ந்து, அப்படியே ஒருக்களித்துப் படுத்து, கையை உள்ளே விட்டுத் துழாவினேன். கிடைக்கவில்லை. சரி, இன்னொன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுந்திருக்கப் பார்த்தால், எழ முடியவில்லை.

வலி இல்லை. மயக்கம் இல்லை. நான் சொன்னதைத் தொடை காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். கட்டில் காலைப் பிடித்து இழுத்தேன்; கட்டில்தான் என் பக்கம் நகர்ந்து வந்தது. கடைசியில் தரையோடு தரையாக நகர்ந்து, சுவரோரம் இருந்த நாற்காலியில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி எழுந்தேன். ஐந்து நிமிடமாவது ஆகியிருக்கும். யாரும் பார்க்கவில்லை என்பது அந்த நேரத்தில் நிம்மதியாக இருந்தது. ராத்திரி படுத்த பிறகு, அந்த நேரம் பார்த்து வீட்டில் யாருமே இல்லாமல் போனார்களே என்று அதுவே பயமாகிவிட்டது.

நான் சோம்பேறியாக இருந்திருந்தால் இதை ஒப்புக்கொண்டு போயிருப்பேன். பன்னிரண்டு வருடமாகத் தினமும் 40 நிமிடம் நடக்கிறவன் நான். மழை நாளில் வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்து கணக்கை முடிப்பேன். நடக்காதவர்களைக் கண்டால் உபதேசம் வேறு. அப்படிப்பட்ட ஆளுக்குத் தரையிலிருந்து எழத் தெரியவில்லை.

டாக்டரிடம் போனேன். படுக்க வைத்து பிபி பார்த்தார். எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்தில் ஒரு தடவையும், மூன்றாவது நிமிடத்தில் ஒரு தடவையும் பார்த்தார். நின்றதும் மேல் அளவு 20 புள்ளிக்கு மேல் இறங்கினால் அது விழுவதற்கு ஒரு காரணமாகலாம், சில மாத்திரைகளும் அதைச் செய்யும் என்றார். எனக்கு இறங்கவில்லை. இதயத்தைச் சோதித்தார், ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார், எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார்.

அவருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்றைச் சுவரோடு சேர்த்துப் போட்டார். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 வினாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று பார்க்க வேண்டும். நான் செய்தது 9. அறுபதிலிருந்து அறுபத்து நாலு வயது ஆண்களுக்கு 14-க்குக் கீழே என்றால் சராசரிக்குக் குறைவு என்றார். அப்புறம் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். வலது கால் 11 வினாடி, இடது கால் 4.

"தினமும் நடக்கிறேனேம்மா" என்றேன், புகார் சொல்கிற குரலில்.

"நடங்க சார், விட்டுடாதீங்க. ஆனா நடக்கும்போது, உடம்பு எடையைத் தாங்குற நேரத்துல, முழங்கால் எவ்வளவு மடங்குதுன்னு பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. சமதரையில் நடக்கும்போது எடை தாங்குகிற கால் 20 டிகிரி அளவுக்குத்தான் மடங்குமாம். நாற்காலியிலிருந்து எழ 90 டிகிரி வேண்டும், தரையிலிருந்து எழ அதற்கும் மேலே. அந்தக் கோணத்தில் என் தொடை வேலை செய்தே எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. நடை இதயத்துக்கும் மூச்சுக்கும் நல்லது, தசைக்கு அது போதாது. உலக சுகாதார அமைப்பு 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சியோடு நிறுத்தவில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி, 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மூன்று நாளாவது சமநிலையையும் சேர்த்துப் பழக்கும் பயிற்சி என்று இருக்கிறது. முதல் வரியில் உள்ளதை மட்டும் செய்துகொண்டு பன்னிரண்டு வருடம் நடந்திருக்கிறேன்.

முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது, அறுபதுக்கு மேல் அந்த வேகம் கூடுகிறது. இதற்கு சார்க்கோபீனியா என்ற பெயரை 1989-ல் முன்வைத்தவர் இர்வின் ரோசன்பர்க் என்ற அமெரிக்க ஊட்டச்சத்து ஆய்வாளர். கிரேக்கத்தில் சதை, வறுமை என்ற இரண்டு சொற்களின் கூட்டு. தமிழில் சதைப் பஞ்சம் என்று வைத்துக்கொள்ளலாம். அதிலும் வேகமாக இயங்குகிற தசை நார்கள்தான் அதிகம் மெலிகின்றன. கால் இடறும்போது சட்டென்று அடுத்த காலை முன்னே வைத்துச் சமாளிப்பது அந்த நார்களின் வேலை. இளம் வயதில் இடறினால் தடுமாறுவோம், வயதானால் விழுகிறோம்.

எனக்குக் கொடுத்த பயிற்சி கேட்கச் சப்பென்று இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 8 தடவை, இரண்டு செட். சுவரில் கையூன்றித் தள்ளுவது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது. ஒரே ஒரு படி ஏறி இறங்குவது. ரப்பர் பட்டையைக் கதவுப்பிடியில் மாட்டி, உட்கார்ந்தபடி இழுப்பது. ஒருநாள் விட்டு ஒருநாள், வாரத்துக்கு மூன்று நாள். மொத்தம் 25 நிமிடம். இதற்கா பீஸ் கொடுத்தோம் என்று நினைத்தேன்.

முதல் நாளே புரிந்தது. நான் நாற்காலியில் உட்காரவில்லை, கடைசி அரை அடி தொப்பென்று விழுந்துகொண்டிருந்தேன். வருடக்கணக்காக அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன் போல. "மேலே ஒண்ணு, கீழே மூணு" என்று எண்ணச் சொன்னார். ஒன்று எண்ணுவதற்குள் எழ வேண்டும், மூன்று எண்ணி மெதுவாக இறங்க வேண்டும். இறங்குவதுதான் பாதிப் பயிற்சி. ஆறாவது தடவையில் தொடை நடுங்கியது. அதோடு நான் மூச்சை அடக்கிக்கொண்டு எழுகிறேன் என்பதையும் கண்டுபிடித்துவிட்டார். அடக்கினால் ரத்த அழுத்தம் எகிறும், எனக்குத் தலை கிறுகிறுத்ததற்குக் காரணம் அதுதான். எழும்போது மூச்சை விட வேண்டும். இதைப் பழகவே இரண்டு வாரம் ஆனது.

நான்காவது வாரம் புத்திசாலித்தனம் வந்துவிட்டது. நன்றாகத்தானே போகிறது என்று போனில் வீடியோக்களைப் பார்த்து, காலை நீட்டி முன்னே வைத்து இறங்குகிற லஞ்ச் என்கிற பயிற்சியை 20, 20 என்று செய்தேன். அது போதாதென்று மாடிப்படியை ஏழெட்டுத் தடவை ஏறி இறங்கினேன். மறுநாள் வலது முழங்கால் வீங்கிவிட்டது. ஏறக்குறைய மூன்று வாரம் போச்சு. பிசியோதெரபிஸ்ட் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

இரண்டு வலிக்கும் உள்ள வித்தியாசத்தை அப்போதுதான் சொல்லிக்கொடுத்தார். தசைவலி மறுநாளோ அதற்கடுத்த நாளோ வரும், பரவலாக, பெரும்பாலும் இரண்டு காலிலும் இருக்கும், நடமாடினால் இளகும், இரண்டு மூன்று நாளில் போய்விடும். மூட்டுவலி செய்யும்போதே ஒரே இடத்தில் சுருக்கென்று குத்தும், வீங்கும், பூட்டினாற்போல் பிடித்துக்கொள்ளும். முதலாவதோடு வாழலாம், இரண்டாவது வந்தால் நிறுத்த வேண்டும். நெஞ்சில் அழுத்தம், இயல்புக்கு மீறிய மூச்சிரைப்பு, தலைசுற்றல் என்றால் யோசனையே வேண்டாம், உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அடுத்த இரண்டு மாதத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சலிப்பு. அதே நாற்காலி, அதே எண்ணிக்கை. ஒரு செட் முடியும்போது இன்னும் இரண்டு செய்யலாம் என்ற தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். இரண்டு தடவை தொடர்ந்து 12 சுலபமாக வந்துவிட்டால் சற்றுத் தாழ்வான இருக்கைக்கு மாற வேண்டும், அதுவும் பழகிவிட்டால் தண்ணீர் பாட்டில்கள் வைத்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு செய்ய வேண்டும். ஒரு நோட்டில் தேதியும் எண்ணும் மட்டும் எழுதினேன். கைக்கடிகாரம், செயலி என்று மகன் வாங்கிக்கொடுத்ததெல்லாம் மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை, நோட்டு இன்றும் ஓடுகிறது.

மூன்றாவது மாதம் 30 வினாடிக் கணக்கு 13 ஆனது. கண்ணாடியில் ஒரு மாற்றமும் இல்லை. "தொப்பை அப்படியேதானே இருக்கு" என்றாள் மனைவி. ஆரம்பத்தில் கூடுகிற பலத்தில் பெரும்பங்கு தசை பெருப்பதால் வருவதில்லை. இருக்கிற தசையை முழுதாகக் கூப்பிட நரம்பு பழகுவதால் வருகிறது. தசை வளர மாதக்கணக்காகும். இதைச் சொன்னபோதுதான் பிசியோதெரபிஸ்ட் 1990-ல் வெளிவந்த ஒரு ஆய்வையும் சொன்னார். முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு மரியா ஃபியாடரோன் குழுவினர் எட்டு வாரம் எடைப்பயிற்சி கொடுத்தார்கள். முடித்த ஒன்பது பேருக்குக் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. 62 வயதில் "இனிமே என்ன" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மனைவியும் ஒருநாள் விளையாட்டாக நாற்காலியில் உட்கார்ந்து எண்ணச் சொன்னாள். எந்தப் பயிற்சியும் இல்லாமல் முதல் தடவையே 13. அதன்பிறகு தொப்பைப் பேச்சுக்கு நான் பதில் சொல்வதில்லை.

நாலாவது மாதம்தான் தரைப் பாடம். நான் வந்ததே இதற்குத்தான். தரையிலிருந்து எழுவதற்குப் பலம் மட்டும் போதாது, வரிசை தெரிய வேண்டும் என்றார். மல்லாந்து கிடந்தால் அப்படியே எழுந்து உட்காரப் போராடக்கூடாது. முழங்காலை மடக்கி ஒரு பக்கமாக உருள வேண்டும். கீழ்க்கையின் முழங்கையை ஊன்றி, மேல்கையால் தரையைத் தள்ளி, நாலு காலில் வர வேண்டும். அப்படியே தவழ்ந்து ஓர் உறுதியான நாற்காலிக்குப் போய் இரண்டு கையையும் அதன்மேல் வைக்க வேண்டும். பலமான காலின் பாதத்தை முன்னே ஊன்றி, உடம்பை முன்னால் சாய்த்துத் தள்ளி எழுந்து, திரும்பி நாற்காலியில் உட்கார்ந்துவிட வேண்டும். உடனே நடக்கக்கூடாது, ஒரு நிமிடமாவது ஆற வேண்டும்.

அன்று கட்டிலோரம் நான் செய்தது ஏறக்குறைய இதுதான், தெரியாமல், பதறிக்கொண்டு செய்தேன். முதல் நாள் வகுப்பில் என்னைப் பாயில் படுக்கச் சொன்னபோது நெஞ்சு அடித்துக்கொண்டது. அறுபது தாண்டிய ஆண்பிள்ளை பாயில் படுக்கப் பயந்தேன் என்று எழுத வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான். தரைக்குப் போவதையே நான் தவிர்த்துக்கொண்டிருந்தேன். செருப்பு மாட்டுவதைக்கூட நின்றுகொண்டே சமாளிப்பேன். பயந்து தவிர்க்கத் தவிர்க்கத்தான் பலமும் போயிருக்கிறது. வாரம் மூன்று நாள், இரண்டிரண்டு தடவை எழுந்து பழகினேன். நாற்காலி இல்லாமல், முழங்காலில் கை ஊன்றி எழுந்த நாளின் தேதிக்கு நோட்டில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

எட்டாவது மாதம் வைரஸ் காய்ச்சல் வந்து ஒன்பது நாள் படுக்கை. எழுந்து எண்ணிப் பார்த்தால் 15-லிருந்து 10-க்கு இறங்கியிருந்தது. அழுகையே வந்துவிட்டது. படுக்கை செய்கிற வேலை அப்படி. 1966-ல் அமெரிக்காவின் டல்லாஸில் இருபது வயதுப் பையன்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். அதே ஐந்து பேரை முப்பது வருடம் கழித்து மறுபடி சோதித்தபோது, முப்பது வருட வயது செய்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அவர்களின் திறனை அதிகமாகக் கெடுத்திருந்தது தெரிந்தது. பிறகு ஆறு மாதப் பயிற்சியில், வயதால் இழந்த மூச்சுத் திறனைத் திரும்பப் பெற்றார்கள். எனக்கு மீள ஐந்து வாரம் ஆனது. விட்ட இடத்தில் தொடங்காமல் பாதியிலிருந்து தொடங்கினேன். முழங்கால் கொடுத்த பாடம்.

பழக்கங்கள் என்று சொன்னால் இரண்டைச் சொல்வேன். ஒன்று புரதம். வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்றார் டாக்டர். 68 கிலோ எடைக்கு நான் அதில் பாதியைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், அதுவும் ஒரே வேளையில். மூன்று வேளைக்கும் பிரித்துக் கூட்டினேன். சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது. இன்னொன்று பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது. காலையில் வலது கால், ராத்திரி இடது கால், இன்னொரு கை வாஷ்பேசின் பக்கத்திலேயே. தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை என்பதால் இதுவரை ஒருநாளும் விட்டுப்போகவில்லை.

நடையை விடவில்லை. ஆனால் நாளுக்குப் பத்தாயிரம் காலடி என்கிற வெறியை விட்டுவிட்டேன். அது 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்த எண். சராசரி 72 வயதுப் பெண்களை வைத்து 2019-ல் வெளிவந்த ஆய்வில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களுக்கே இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. 7,500-க்கு மேல் பெரிதாகக் குறையவில்லை. மிச்சமான நேரம் நாற்காலிக்குப் போகிறது.

எல்லாம் மாறிவிடவில்லை. பிபி மாத்திரையின் அளவை டாக்டர் பாதியாக்கினார். கொலஸ்ட்ரால் அசையவே இல்லை, அதற்கான மாத்திரை தொடர்கிறது. அது பரம்பரை, உட்கார்ந்து எழுகிற ஸ்குவாட் போட்டுக் கரைக்க முடியாது என்று சிரித்தார்.

இப்போது 64. நாற்காலிக் கணக்கு 17-ல் நிற்கிறது. வலது காலில் 40 வினாடி நிற்கிறேன். இடது கால்தான் 12-ஐத் தாண்ட மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. போன வாரம் பிசியோதெரபிஸ்டிடம் சொன்னேன். "ராத்திரி தூக்கக் கலக்கத்துல இடது காலுக்குக் கொடுத்தா அது என்ன பண்ணும் சார்?" என்றார். முந்தாநாளிலிருந்து காலையில் இடது, ராத்திரி வலது.