ஐசிஎல் வைத்த பின் வரும் கண் அழற்சி: எப்போது பொறுக்கலாம், எப்போது ஓட வேண்டும்

ஐசிஎல் (ICL) என்பது கிட்டப்பார்வை போன்ற பார்வைக் குறையைச் சரிசெய்யக் கண்ணுக்குள்ளேயே அறுவை செய்து வைக்கும் லென்ஸ். அது ஐரிஸுக்குப் (பாப்பாவைச் சுற்றியுள்ள நிறப் படலம்) பின்னால், இயற்கை லென்ஸுக்கு முன்னால் உட்காரும். சுமார் 3 மி.மீ. கீறல் வழியாக மடித்து உள்ளே விட்டு, அதன் நான்கு முனைகளையும் ஐரிஸுக்கு அடியில் செருகுவார்கள். ஐரிஸ் உரசப்படும் என்பதால் கொஞ்சம் அழற்சி வரத்தான் செய்யும். லேசான சிவப்பு, வெளிச்சக் கூச்சம், உறுத்தல் எல்லாம் நாளுக்கு நாள் குறைய வேண்டும். தெளிந்துகொண்டிருந்த கண் மறுபடி சிவந்தால் அன்றைக்கே காட்டிவிடுங்கள்.

எப்போது தொடங்கியது என்பதே காரணத்தைப் பாதி காட்டிக்கொடுக்கும். முதல் சில மணி நேரத்திலேயே கடும் வலி, தலைவலி, குமட்டல் என்றால் கண் அழுத்தம் ஏறியிருக்கலாம். அறுவையின்போது பயன்படுத்திய ஜெல் உள்ளே தங்கி, கண்ணுக்குள் நீர் வடியும் பாதையை அடைப்பது இதற்கு வழக்கமான காரணம். 12 முதல் 48 மணி நேரத்துக்குள் பார்வை மங்கி, கருவிழி (கார்னியா) முழுக்க வீங்கி, வலி மட்டும் குறைவாக இருந்தால் டாஸ் (TASS) எனப்படும் நச்சு அழற்சியாக இருக்கலாம். கிருமி காரணமல்ல, கருவியிலோ திரவத்திலோ இருந்த ரசாயன எச்சம். இரண்டாம் நாளுக்குப் பிறகு வலியும் சிவப்பும் கூடி, பார்வை இறங்கினால் உள்கண் தொற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அரிதுதான், ஆனாலும் விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது, பார்வையே போய்விடும்.

பலரும் கோட்டைவிடுவது சொட்டு மருந்தில். அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டு சொட்டான பிரெட்னிசலோன் அசிடேட் 1% அடியில் படியும் மருந்து. நன்றாகக் குலுக்காமல் விட்டால் மருந்தின் அளவு குறைந்துபோகும். ஒரு சொட்டு போதும். கண்ணை மூடி, மூக்கோரக் கண்முனையை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அடுத்த மருந்துக்கு 5 நிமிட இடைவெளி விடுங்கள். கண் தெளிந்துவிட்டதே என்று ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் அழற்சி திரும்பும். மருத்துவர் எழுதிய படியே படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டாலேயே அழுத்தம் ஏறும் வாய்ப்பு கூடுதல். பெரும்பாலும் சில வாரம் கழித்து, வலியே இல்லாமல் ஏறும். ஆகவே பார்வை நன்றாக இருந்தாலும் அழுத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

விளக்கைச் சுற்றித் தெரியும் வளையம் மட்டும் அழற்சி ஆகாது. லென்ஸ் நடுவிலுள்ள 0.36 மி.மீ. துளையாலும் அது வரும். முன்பு யுவைட்டிஸ் (கண்ணின் உள்பகுதி அழற்சி) வந்திருந்தால் அறுவைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்ட கண்ணில் ஐசிஎல் வைக்கலாமா என்பதே மறுபரிசீலனைக்கு உரியது.