வீட்டுக்கு ஒரு சின்ன டிஜிட்டல் தராசு: 0.01 என்ற எண்ணை எவ்வளவு நம்பலாம்?

அரை கிலோ மாவில் ரொட்டி சுட உப்பு 10 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 5 கிராமை ஒரு கிராம் பிரிவுள்ள, அதாவது ஒவ்வொரு கிராமாக மட்டுமே எண் மாறும், சாதாரண சமையலறைத் தராசில் நிறுத்தால், திரையில் 5 என்று தெரியும்போது தட்டில் இருப்பது 4.5 ஆகவும் இருக்கலாம், 5.4 ஆகவும் இருக்கலாம். தராசு பழுதே இல்லாமல் வேலை செய்யும்போதே இந்த நிலை. பத்து விழுக்காடு ஈஸ்ட் கூடிவிட்டால், கோலாலம்பூர் சமையலறையின் 30 பாகை வெப்பத்தில் மாவு நாம் எதிர்பார்க்கும் நேரத்துக்கு முன்பே பொங்கித் தளர்ந்துவிடும். பழி சமையல் குறிப்பின் மேல் போகும்.

தராசு வாங்கப் போகிறவர்கள் முதலில் எழுதிவைக்க வேண்டியது இரண்டே எண்கள். நீங்கள் நிறுக்கப்போகும் மிகச் சிறிய அளவு என்ன? அதில் எவ்வளவு பிழை வந்தால் தாங்கும்? ஒரு விழுக்காட்டுக்குள் வேண்டுமானால், நிறுக்கும் அளவு தராசின் பிரிவைப் போல நூறு மடங்காவது இருக்க வேண்டும். ஒரு கிராம் பிரிவுள்ள தராசு 100 கிராமிலிருந்துதான் அந்த நம்பிக்கைக்கு உரியது, 0.1 கிராம் தராசு 10 கிராமிலிருந்து, 0.01 கிராம் தராசு ஒரு கிராமிலிருந்து. ஐந்து விழுக்காடு போதுமென்றால் இருபது மடங்கு போதும். சட்டமுறை அளவையியலுக்கான அனைத்துலக அமைப்பான ஓஐஎம்எல் வணிகத் தராசுகளுக்கு வகுத்த விதியிலும் மூன்றாம் வகுப்புத் தராசின் குறைந்தபட்ச எடை 20 பிரிவுகள்தான். அதற்குக் கீழே போனால், தராசு காட்டும் எண்ணில் விகிதப் பிழை மிகையாகலாம் என்று விதியே சொல்கிறது.

இந்தக் கணக்கைப் போட்டதும் 200 கிராம் கொள்ளளவும் 0.01 பிரிவும் உள்ள பாக்கெட் தராசு எல்லாவற்றுக்கும் ஆகும் என்று தோன்றும். ஆகாது. கொள்ளளவில் பாத்திரத்தின் எடையும் அடக்கம். 120 கிராம் எவர்சில்வர் கிண்ணத்தை வைத்து டேர் பட்டனை அழுத்தினால் திரை பூஜ்யத்துக்கு வரும், ஆனால் மிச்சம் 80 கிராம்தான். அதைத் தாண்டினால் திரையில் கோடு கோடாக வரும். இன்னும் ஏற்றினால் உள்ளே இருக்கும் உலோகம் நிரந்தரமாக வளைந்துவிடும். தட்டும் ஒரு சாண் அகலம்கூட இருக்காது, பெரிய கிண்ணம் வைத்தால் திரையே மறைந்துவிடும். ஆகவே என் தீர்ப்பு ஒரே தராசைத் தேடாதீர்கள் என்பதுதான். மாவுக்கும் தண்ணீருக்கும் 5 கிலோ வரை தாங்கும் ஒரு கிராம் தராசு ஒன்று. ஈஸ்ட், சமையல் சோடா, அகர் அகர் தூள், பெருங்காயம், சோப்புக்கான சேர்மானம் போன்றவற்றுக்கு 0.01 கிராம் தராசு ஒன்று. காப்பிக்காக மட்டும் என்றால் இரண்டுக்கும் நடுவில், 2 அல்லது 3 கிலோ தாங்கும் 0.1 கிராம் தராசு தாராளமாகப் போதும். 15 கிராம் தூளில் 0.1 என்பது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு.

இனி அந்த 0.01 பற்றி. பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் அந்த எண், திரை எத்தனை இலக்கம் காட்டும் என்பதை மட்டுமே சொல்கிறது. காட்டுவது உண்மையா என்பது வேறு கேள்வி.

தட்டுக்குக் கீழே ஒரு சிறு அலுமினியச் சட்டம் இருக்கிறது. லோட் செல் என்பார்கள். எடை ஏறியதும் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதன்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய உலோகப் பட்டைகள் நீண்டும் சுருங்கியும் மின்தடையை மாற்றுகின்றன. முழு எடைக்கும் இந்தச் சட்டம் தரும் மின்சமிக்ஞை, ஊட்டும் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் ஏறக்குறைய ஒரு மில்லிவோல்ட். 3 வோல்ட் மின்கலத்தில் மொத்தமே 3 மில்லிவோல்ட். 200 கிராமை 0.01 ஆகப் பிரித்தால் 20,000 படிகள். ஒரு படிக்குக் கிடைப்பது 0.15 மைக்ரோவோல்ட். இவ்வளவு மெல்லிய சமிக்ஞையைப் படிக்கும் கருவிக்குக் காற்றும் வெப்பமும் ஈரமும் மின்கலத்தின் தளர்ச்சியும் எல்லாமே எடையாகத்தான் தெரியும். கீழே சொல்லும் கோளாறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன.

நம் ஊருக்கென்றே ஒரு கோளாறு உண்டு. இந்த வகைத் தராசு அளப்பது பொருண்மையை அல்ல, பூமி இழுக்கும் விசையை. அந்த இழுப்பு எல்லா இடத்திலும் ஒன்றல்ல; நிலநடுக்கோட்டருகே குறைவு. கோலாலம்பூர் ஏறக்குறைய 3 பாகை வடக்கில் இருக்கிறது. இங்கே ஈர்ப்பு முடுக்கம் வினாடிக்கு வினாடி 9.780 மீட்டர் என்றால், 22 அல்லது 23 பாகையில் இருக்கும் தென்சீனத்தில் 9.788, ஜெர்மனியில் 9.81. குவாங்டோங் தொழிற்சாலையில் சரியாக 200.00 காட்டும்படி திருத்திய தராசு, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் அதே 200 கிராமுக்கு 199.84 அருகே காட்டும். ஜெர்மனியில் திருத்தியது 199.4 அருகே காட்டும். தராசு கெடவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. பினாங்குக்காரர்களுக்கும் இதே கணக்குதான். 5 பாகையில் வித்தியாசம் மிகச் சொற்பம்.

இதைக் கேட்டுப் பதற வேண்டியதில்லை. இந்தப் பிழை விகிதப் பிழை. ஒரு கிராம் ஈஸ்ட்டில் அது 0.01 கிராம்கூட இல்லை. 150, 200 கிராம் நிறுக்கும்போதுதான் கண்ணில் படும். எடைக்கல் ஒன்று கையில் இருந்தால் ஒரு நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். எடைக்கல் வாங்கும்போது எம்1 வகுப்பு என்று கேட்டு வாங்குங்கள். அந்த வகுப்பில் 100 கிராம் கல்லின் பிழை கூடினால் 5 மில்லிகிராம், 200 கிராம் கல்லுக்கு 10 மில்லிகிராம், 0.01 தராசுக்கு அது போதும். எம்2 என்றால் 100 கிராமுக்கு 16 மில்லிகிராம்வரை போகலாம், அதாவது திரையின் கடைசி இலக்கத்தில் ஒன்றிரண்டு. வகுப்பே குறிப்பிடாமல் பெட்டியோடு இலவசமாக வரும் கல்லைச் சோதிக்காமல் நம்ப வேண்டாம். கல்லை வெறுங்கையால் தொடாமல் துணியாலோ இடுக்கியாலோ எடுங்கள். விரலின் எண்ணெயும் வியர்வையும் அதில் ஏறும்.

திருத்தும் முறை: தராசைச் சமையலறை மேடையில், ஆடாத சமதளத்தில் வையுங்கள். ஏர்கோன் அறையிலிருந்து எடுத்து வந்திருந்தால் அரை மணி நேரம் வெளியே விட்டு, பிறகு இயக்குங்கள். இயக்கி ஐந்து நிமிடம் கழித்து, கேல் என்ற பட்டனை, அது இல்லாத தராசில் மோட் பட்டனை, திரையில் எழுத்து மாறும்வரை அழுத்திப் பிடியுங்கள். திரை கேட்கும் எடையை, 100 என்று வந்தால் 100ஐ, தட்டின் நடுவில் மெல்ல வைத்துக் கையை எடுத்துவிடுங்கள். பாஸ் என்று வந்ததும் கல்லை எடுத்து, மறுபடி வைத்துப் பாருங்கள். திரை 200 கேட்கும்போது 100 கிராம் கல்லை வைத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அப்படிச் செய்தால் சில தராசுகள் அதையே உண்மை என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் இரட்டிப்பாகக் காட்டத் தொடங்கும்.

திருத்தத்தால் தீராத குறை ஒன்று உண்டு: ஒரே பொருளை மீண்டும் மீண்டும் வைத்தால் வெவ்வேறு எண் வருவது. சின்ன அளவுகளுக்கு இதுதான் உயிர்நாடி. வாங்கியதும், திருப்பிக் கொடுக்கும் அவகாசம் முடிவதற்குள், இந்தச் சோதனைகளைச் செய்துவிடுங்கள். ஒரு கல்லைப் பத்து முறை வைத்து எடுங்கள், எண்கள் 0.02க்கு மேல் அலைந்தால் அந்தத் தராசை 0.01 தராசாகக் கருத முடியாது. ஒவ்வொரு முறையும் கல்லை எடுத்ததும் திரை பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். அடுத்து, அதே கல்லைத் தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வையுங்கள், எங்கே வைத்தாலும் ஏறக்குறைய ஒரே எண் வர வேண்டும். பிறகு 100 கிராமை ஏற்றிக் கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். எண் ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போனால் லோட் செல்லோ பசையோ தரமற்றது. பொருளை நெடுநேரம் தட்டிலேயே வைத்திருக்க வேண்டிய வேலைகளுக்கு அது உதவாது.

இவற்றையெல்லாம் தேறிய தராசும் ஏமாற்றும் இடம் ஒன்று இருக்கிறது. காலித் தட்டில் சிட்டிகை சிட்டிகையாக உப்பைத் தூவிப் பாருங்கள். திரை நெடுநேரம் 0.00 என்றே நிற்கும், திடீரென்று 0.08 என்று குதிக்கும். காரணம் மென்பொருள். வெப்பத்தால் பூஜ்யம் மெல்ல நகர்வதை மறைக்க, பூஜ்யத்தருகே நிகழும் மெதுவான மாற்றத்தையெல்லாம் தராசு தானே அழித்துக்கொள்கிறது. நீங்கள் மெதுவாகப் போடும் உப்பும் அதற்கு அப்படி ஒரு நகர்வாகவே படுகிறது. ஆகவே திரை 0.60 காட்டும்போது தட்டில் 0.70 இருக்கலாம்.

இதற்கு மூன்று வழிகள். தட்டில் 20 கிராம் கல் ஒன்றை வைத்து, டேர் அழுத்தாமல், 20.00இலிருந்து 20.60 வரை போடலாம். பூஜ்யத்தை விட்டுத் தள்ளி நிற்பதால் தராசு குறுக்கிடாது. அல்லது பொருளைத் தனியே ஒரு சிறு மூடியில் போட்டு, மூடியைத் தூக்கித் தூக்கி வைத்து அளக்கலாம். மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: பொருள் இருக்கும் டப்பாவையே கரண்டியோடு தட்டில் வைத்து டேர் செய்துவிட்டு, எடுத்தெடுத்து மாவில் போடுங்கள், ஒவ்வொரு முறையும் கரண்டியை டப்பாவிலேயே திரும்ப வைத்துப் பாருங்கள். திரை −0.60 காட்டும்போது 0.60 கிராம் மாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். கரண்டியில் ஒட்டிக்கொண்டதுகூடக் கணக்கிலிருந்து தப்பாது.

கோலாலம்பூர் வீடுகளில் காற்றாடி எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். 0.01 தராசுக்கு அது பெரிய தொல்லை. எண் நிற்காமல் ஆடும். நிறுக்கும் இரண்டு நிமிடம் நிறுத்திவிடுங்கள், முடியாவிட்டால் ஒளிபுகும் பிளாஸ்டிக் டப்பாவை மேலே கவிழ்த்து வையுங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த ஈஸ்ட் புட்டியை அப்படியே தட்டில் வைத்தால் நம் காற்றின் ஈரம் அதன்மேல் வியர்த்துப் படிந்து எண் ஏறிக்கொண்டே போகும். சூடான காப்பிக் கோப்பையில் எதிர்மாறாக, ஆவி போகப்போக எண் இறங்கும். அது உண்மையான எடைக்குறைவு. ஆனால் அதே சூடு தட்டு வழியாக லோட் செல்லுக்கும் இறங்குமாதலால், கோப்பைக்கடியில் ஒரு கார்க் பட்டை போடுவது நல்லது. சோப்புக்கான காஸ்டிக் சோடா திறந்திருந்தால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூடியுள்ள டப்பாவில் எடை போட்டு, உடனே மூடிவிடுங்கள். இயங்கும் இன்டக்‌ஷன் அடுப்புக்கும் கைபேசிக்கும் அருகில் மலிவான தராசுகள் தடுமாறும்.

அலகுப் பட்டனைக் கவனிக்கவும். டேர் பட்டனுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் கை தவறி அழுத்திவிடுவோம். டிஎல் என்று வருவது சீனர்களின் தஹில். மலேசியாவில் பழைய தஹில் 37.8 கிராம், தைவானில் 37.5, ஹாங்காங் தங்கக் கணக்கில் 37.43. தராசு இதில் எதை எடுத்துக்கொள்கிறது என்பது திரையில் தெரியாது. மில்லிலிட்டர் என்ற அலகும் அப்படித்தான். தண்ணீரென்று நினைத்துக் கிராமை அப்படியே காட்டும். எண்ணெயில் 100 என்று காட்டினால் அங்கே இருப்பது கிட்டத்தட்ட 109 மில்லிலிட்டர். கிராமிலேயே இருங்கள்.

மின்கலத்தில் டிரிபிள் ஏ இரண்டு போடும் தராசு எனக்கு உவப்பு. எந்தக் கடையிலும் கிடைக்கும், சிஆர்2032 வட்டு மின்கலத்தைவிட நெடுநாள் உழைக்கும். யூஎஸ்பி வகையானால் சார்ஜ் ஏறும்போது நிறுக்க வேண்டாம். தானாக அணையும் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒரு நிமிடத்தில் அணைந்தால் டேர் கணக்கும் சேர்ந்து போய்விடும்.

தீபாவளிக்கு முறுக்கும் பலகாரமும் எடை போட்டு விற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மலேசியாவின் 1972ஆம் ஆண்டு எடை அளவைச் சட்டப்படி வணிகத்துக்குப் பயன்படும் தராசு சோதிக்கப்பட்டு முத்திரை பெற்றிருக்க வேண்டும். வீட்டுப் பாக்கெட் தராசு எவ்வளவு துல்லியமானாலும் அதற்குத் தகுதியில்லை. அதேபோல் குழந்தைகளின் மருந்தை இதில் நிறுக்கவே கூடாது; அது மருந்தகத்தின் வேலை.

வேலை முடிந்ததும் சர்க்கரைத் துகள் இல்லாமல் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடும் டப்பாவில் வையுங்கள். இல்லாவிட்டால் சிற்றெறும்பு தட்டுக்கடியில் புகுந்து லோட் செல்லுக்கும் தராசின் அடிப்பெட்டிக்கும் நடுவே குடியேறும். தட்டு அசைய முடியாமல் எண் சிக்கிக்கொள்ளும். மேலே எதையும் அடுக்காதீர்கள். நெடுநாள் எடுக்கப்போவதில்லை என்றால் மின்கலத்தைக் கழற்றிவிடுங்கள்.

அந்த டப்பாவுக்குள்ளேயே 2012இல் புழக்கத்துக்கு வந்த வரிசையின் ஐம்பது காசு நாணயங்கள் பத்தைப் பையில் கட்டிப் போட்டுவையுங்கள். ஒன்றின் எடை 5.66 கிராம் என்பதால் மொத்தம் 56.6 அருகே வரும். நாணயம் தேய்வதால் அதை வைத்துத் தராசைத் திருத்தக் கூடாது. ஆனால் எம்1 கல்லால் திருத்திய அன்று பை காட்டிய எண்ணை மூடியின் உட்புறம் எழுதி ஒட்டிவிட்டால், மாதம் ஒருமுறை பையை வைத்துப் பார்க்கலாம். எண் 0.05 நகர்ந்திருந்தால் முதலில் மின்கலத்தை மாற்றுங்கள். அப்போதும் நகர்ந்தே இருந்தால் கல்லை எடுங்கள்.